பட்டங்களின் எண்ணிக்கையும் படிக்கக் கிடைத்த பக்கங்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையில் ஒரு பகுதியை வைப்புநிதியில் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை கல்வியைப் பற்றி யாராவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்று எழுதிவைத்தார். அவர் சொற்படியே மனம்விட்டுப் பேசுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அரசு கலைக் கல்லூரி நூலகங்களில் வேலை செய்தவள். நூலகருக்கு இரண்டு பதிவேடுகள் உயிர். ஒன்று நூல் சேர்க்கைப் பதிவேடு. எந்தப் புத்தகம், என்று, என்ன விலைக்கு வந்தது என்று அதில் இருக்கும். மற்றொன்று வழங்கல் பதிவேடு. யார் எடுத்தார், யார் திருப்பினார் என்று அதில் இருக்கும். பணியின் கடைசி ஆண்டுகளில் மூன்றாவது பதிவேடு ஒன்று இருப்பதை உணர்ந்தேன். அதை யாரும் எழுதவில்லை. மாணவர்களின் கைப்பேசிகளுக்குள் அது இருந்தது.

ஒருநாள் மாலை, மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி ஒருத்தி தன் கைப்பேசியை என் மேசைமேல் வைத்தாள். திரையில் பாடத்திட்டம் முதன்மை நூலாகக் குறித்திருந்த புத்தகம். யாரோ பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். சில பக்கங்களின் ஓரத்தில் புத்தகத்தை அழுத்திப் பிடித்த கட்டைவிரல்கூடப் பதிந்திருந்தது. “மேடம், இத வெச்சுப் படிக்கிறது தப்பா?” என்று கேட்டாள். அவள் வகுப்பில் 62 பேர். எங்களிடம் அந்த நூல் மூன்று பிரதி. அதில் ஒன்று வெளியே கொடுக்கக் கூடாத குறிப்புதவிப் பிரதி. “படிம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டதற்கு அது பதிலாகாது என்று எனக்கே தெரியும். அந்தப் பதிலைத் தேடித்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

1. எண்ணிக்கையை நான் மதிக்கிறேன்

பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்று சலித்துக்கொள்ளும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. நம் மாநிலத்தில் ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழே உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் அந்தக் காகிதத்துக்குள் மூன்று தலைமுறை காத்திருக்கிறது. பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீடுகளில் நான் காப்பி குடித்திருக்கிறேன்.

ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22க்குத் தரும் விவரப்படி, நாட்டில் உயர்கல்வி பயில்வோர் சுமார் 4.33 கோடி. 18 முதல் 23 வயதுடையோர் தொகையோடு ஒப்பிட்ட மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் 50 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது. நாடு 2035இல் போய்ச் சேர நினைக்கும் இடத்துக்கு அருகில் தமிழ்நாடு ஏற்கெனவே நிற்கிறது. அந்தப் பெருமையில் கல்லூரி வாசலுக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பங்குண்டு. அதனால்தான் கேட்கிறேன்: வாசல் தாண்டி வந்தவர்களுக்கு உள்ளே படிக்க என்ன வைத்திருக்கிறோம்?

2. எண்ணுகிறவர்கள்

நம் அரசுகள் பட்டதாரிகளை அக்கறையோடு எண்ணுகின்றன. ஆண்டுதோறும் கல்லூரிகள் நிரப்பும் கணக்கெடுப்புப் படிவத்தில் பாடவாரியாக, பால்வாரியாக, சமூகவாரியாகச் சேர்ந்தவர்களும் தேறியவர்களும் பதிவாகிறார்கள். பொறியியல் கல்லூரிக்கு எத்தனை இடங்கள் என்பதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தீர்மானிக்கிறது. 2024-25 முதல், வசதியும் தரமும் உள்ள கல்லூரிகளுக்கு இருந்த உச்சவரம்பை அது எடுத்துவிட்டது. ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் ‘பட்டப்படிப்பு விளைவு’ என்ற தலைப்புக்கு மட்டும் நூற்றுக்கு இருபது. எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் மதிப்பெண்ணாகின்றன.

நூலகத்தை யாரும் மறந்துவிடவில்லை. எத்தனை புத்தகம், எத்தனை இதழ், ஆண்டுக்கு என்ன செலவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ‘நாக்’ தர மதிப்பீட்டுக் குழுவும் பிறரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் அந்தக் கட்டங்களை நிரப்பினேன். நாற்பதாயிரம் நூல்கள் என்று எழுதும்போது கை கூசும். அதில் பாதி, பாடத்திட்டம் மூன்று முறை மாறிய பிறகும் அலமாரியை விட்டு நகராதவை. அந்த மாணவியின் வகுப்புக்கு விதிக்கப்பட்ட நூலை 62 பேரும் சட்டப்படி படிக்க வழி உண்டா என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டத்தை எண்ணுகிறோம், அலமாரியை எண்ணுகிறோம். இரண்டுக்கும் நடுவே புத்தகம் மாணவர் கைக்கு வந்ததா என்பதை எண்ணுவதில்லை. மூன்றாவது பதிவேடு அந்த இடைவெளியில்தான் முளைத்தது.

3. மலிவுப் பதிப்புகள் இருந்த காலம்

இளைஞர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் படித்த காலத்தில் இஎல்பிஎஸ் என்று ஒரு வரிசை இருந்தது. பிரிட்டிஷ் அரசின் பணஉதவியால் அங்கத்திய பாடநூல்கள் இங்கே பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1960களில் பரவிய அந்தத் திட்டம் 1990களில் முடிந்துபோனது. இன்னொரு பக்கம் மாஸ்கோவின் மிர் பதிப்பகம். பிஸ்குனோவின் நுண்கணிதமும் இரோதவின் இயற்பியல் கணக்குகளும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் சாப்பாட்டுக் காசுக்கு வாங்கும் விலையில் இருந்தன. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அந்த ஊற்றும் வற்றியது.

அந்தப் புத்தகங்கள் தாமாக மலிவானவை அல்ல. இரண்டு வெளிநாட்டு அரசுகள், தத்தம் காரணங்களுக்காக, நம் மாணவர்கள் படிக்கப் பணம் கட்டின. அவை கட்டுவதை நிறுத்திய காலத்தில்தான் நம் சேர்க்கை வேகம் பிடித்தது. 1990-91இல் நாட்டில் உயர்கல்வி பயின்றோர் சுமார் 50 லட்சம். இன்று அது எட்டு மடங்குக்கும் மேல். வரவு நின்ற பந்தியில் இலை மட்டும் எட்டு மடங்கு கூடியது. அந்தப் பசியை யார் தீர்த்தார்கள்? கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் தீர்த்தார்.

4. டெல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை

அந்தக் கடைக்காரர் குற்றவாளியா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் வளாகத்தில், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு இயங்கிய கடை ராமேஷ்வரி போட்டோகாபி சர்வீசஸ். பேராசிரியர்கள் தரும் பட்டியல்படி பல நூல்களின் பகுதிகளை நகலெடுத்து, பாடத்துக்கு ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் 2012இல் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அது என் மனதைத் தொட்ட செய்தி. யாருடைய நூல்களுக்காக வழக்கு நடந்ததோ அந்த அறிஞர் உலகத்திலேயே பலர் பதிப்பகங்களுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று அது வரிசையாகச் சொல்கிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பை நகலெடுப்பதும் அதில் அடக்கம். ‘கற்பித்தலின்போது’ என்றால் வகுப்பு மணி அடித்து முடியும்வரை மட்டுமா, ஒரு பருவம் முழுவதுமா என்பதே வழக்கின் மையம். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே அளவு, பக்கக் கணக்கு அல்ல என்ற நிலையை எடுத்தது. ஆனால் நகலெடுத்தவை உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையானவைதானா என்று ஆராய வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. பதிப்புரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அந்த மே மாதம் தள்ளுபடியானது.

அந்தத் தீர்ப்பை அன்று ஒரே மூச்சில் படித்தேன். கல்லூரிக்குள் காகிதத்தில் நகலெடுத்துப் படிப்பதற்கு இந்த நாட்டில் சட்டத்தின் நிழல் உண்டு என்று தெளிவானது. ஆனால் எத்தனை கல்லூரிகள் அதன்பின் முறையான பாடத்தொகுப்பு செய்தன? என் அனுபவத்தில், அப்படி ஒரு தீர்ப்பு வந்ததையே அறியாத துறைத்தலைவர்கள்தான் அதிகம். கிடைத்த நிழலில் ஒதுங்காமல் பிள்ளைகளை வெயிலில் அனுப்பினோம்.

5. இணையம் என்னும் வெயில்

வெயில் என்று சொன்னது இணையத்தைத்தான். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011இல் சை-ஹப் என்ற தளத்தைத் தொடங்கினார். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்த ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். 2015 செப்டம்பரிலிருந்து ஆறு மாதத்துக்கான அதன் பதிவுகளை ‘சயின்ஸ்’ இதழ் ஆராய்ந்தபோது, 2.8 கோடி பதிவிறக்கக் கோரிக்கைகள் கணக்கில் வந்தன. இந்தியாவிலிருந்து மட்டும் சுமார் 34 லட்சம். சீனாவுக்கு அடுத்த இடம். நம் முனைவர் பட்டங்களின் எண்ணிக்கை கூடியதைக் கொண்டாடும் அறிக்கைகளில் இந்த 34 லட்சம் எங்குமே வராது. ஆனால் அந்தப் பட்டங்களின் அடிக்குறிப்புகளில் பாதி இங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது ஆய்வு மாணவர்களோடு பழகிய என் எண்ணம்.

எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகியவை 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அந்தத் தளத்தின்மீது வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அதை நாட்டுக்குள் தடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத்தின் கை கடுமையானது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அது காவல்துறை நேரடியாகக் கைது செய்யத்தக்க, பிணையை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.

தடை என்ற கருவி எப்படிப் பாயும் என்பதை நம் சென்னையே ஒருமுறை கண்டது. 2012இல் ‘3’ திரைப்படத்தைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் வீமியோ போன்ற தளங்களை முழுதாக மூடிவிட்டன. திருட்டுப் படத்தோடு, ஆவணப்படம் வைத்திருந்தவர்களும் சேர்ந்து காணாமற்போனார்கள். மீறல் நடந்த குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு விளக்க வேண்டியிருந்தது.

6. எழுதுகிறவரின் வயிறு

இவ்வளவு சொன்னதால் பதிப்புரிமையே வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த பதிப்பாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் தமிழில் எழுதிய நூலை 300 பிரதி அச்சிட்டார். பத்தே நாளில் அதன் பிடிஎஃப் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றியது. “அறிவைப் பரப்புவோம்” என்று ஒரு வரியும் மேலே சேர்த்திருந்தார்கள். 300இல் 180 பிரதி இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்த ஆசிரியர் இரண்டாம் நூலை எழுதவே இல்லை. அவர் எழுதாமல் விட்ட அந்த நூலை எந்த இணையத்தளத்திலும் பதிவிறக்க முடியாது.

போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர் ஒருவர், தம் பாடங்களை டெலிகிராமில் பரப்பியவர்களின்மீது தொடுத்த வழக்கில், அந்தச் சேனல்களை நடத்துவோரின் விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் டெலிகிராமுக்கு ஆணையிட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர் கடல் கடந்த நிறுவனம் அல்லர். பாடம் நடத்திப் பிழைக்கும் ஆசிரியர்.

ஆகவே நகல் எல்லாம் ஒன்று என்று சொல்ல முடியாது. 62 பேருக்கு மூன்று பிரதி இருக்கும் வகுப்பில், மாதச் சம்பளத்தில் பாதி விலையுள்ள நூலின் பிடிஎஃப், விற்றிருக்கக்கூடிய எந்தப் பிரதியையும் பறிக்கவில்லை. 150 ரூபாய்த் தமிழ் நூலின் பிடிஎஃப் ஒரு மனிதரின் அடுத்த நூலைப் பறிக்கிறது. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாம். கல்வி நிறுவனமும் மாணவரும் வேறுபாடு அறிந்து நடக்கக் கற்க வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

7. தட்டாமல் கிடக்கும் கதவுகள்

அரசு நினைத்தால் எழுதுகிறவருக்கும் கொடுத்து, படிக்கிறவருக்கும் திறக்க முடியும். உலகத்துக்கே தமிழ்நாடு காட்டக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று நம் கையில் இருக்கிறது: நாட்டுடைமை. 1949இல் பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்று, பிறகு அதைப் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களுக்கு, அவர்களின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து, உரிமையைப் பொதுவாக்கியிருக்கிறது. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் படிக்கலாம். இலக்கியத்துக்குச் செய்ததைப் பாடநூலுக்குச் செய்யக்கூடாதா? தமிழில் நல்ல கல்லூரிப் பாடநூல் எழுதுபவருக்கு முன்கூட்டியே தக்க தொகை கொடுத்து, நூலை முதல் நாளிலிருந்தே திறந்துவிட்டால், அந்தத் தாவரவியல் ஆசிரியர் இரண்டாம் நூலை எழுதியிருப்பார்.

வெளிநாட்டு நூல்களுக்கும் வழி உண்டு. 1983இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 32-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு நூல் இந்தியாவில் கிடைக்கவில்லை, அல்லது நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை என்றால், குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து உரிமைத்தொகை செலுத்தி இங்கேயே மறுபதிப்புச் செய்ய உரிமம் கேட்கலாம். அறிவியல், கணித, தொழில்நுட்ப நூல்களுக்கு அந்தக் காலம் மூன்றே ஆண்டு. 1960களில் தொடங்கி சர்வதேச மாநாடுகளில் இந்தியா போன்ற நாடுகள் வாதாடி 1971இல் பெற்ற உரிமை இது. அந்தக் கதவைத் தட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். இதை மனதார வரவேற்கிறேன். படிப்பதற்கு அரசு பணம் கட்ட வேண்டும் என்ற பழைய நியாயத்துக்கு இப்போது நம் அரசே திரும்பியிருக்கிறது. ஆனால் இது ஆய்விதழ்களுக்கான திட்டம். இளங்கலை மாணவியின் பாடநூல் இதில் வராது. தொடக்கத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால், சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியே நிற்கிறார். பட்டதாரிகளை எண்ணும்போது அவரையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி நம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் சேர்கின்றன. உலகம் இலவசமாகப் படிக்கிறது. அதே குழுவின் 2018 விதிகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கேள்வி கேட்கின்றன. இரண்டும் சரியே. எழுதியதைத் திறந்து வை, திருடாதே என்று மாணவரிடம் கண்டிப்பாகச் சொல்லும் அரசு, நீ படிக்க வேண்டியதை நான் திறந்து தருகிறேன் என்று அதே கண்டிப்போடு தனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

8. ஒரே ஒரு கட்டம்

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் தந்தார். நூலின் பயனை முதலில் வைத்தார். வாசகரின் உரிமையை அடுத்து வைத்தார். அவர் மண்ணிலிருந்து ஒரு சிறிய கோரிக்கையை வைக்கிறேன்.

ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவும் ‘பரிந்துரைக்கும் நூல்கள்’ என்று பட்டியல் இடுகிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் நேரே ஒரு கட்டம் சேருங்கள்: ‘இதை எல்லா மாணவரும் சட்டப்படி படிக்கும் வழி’. நூலகத்தில் ஐந்து பேருக்கு ஒரு பிரதியா, திறந்த உரிம நூலா, மின்னூலகமா, 52ஆம் பிரிவின்படி கல்லூரி தொகுக்கும் பாடத்தொகுப்பா, ஏதாவது ஒன்றை அதில் எழுத வேண்டும். எழுத முடியாத நூலைப் பட்டியலில் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால், வழி தேடித் தரும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். அரசின் கணக்கெடுப்பும் தரவரிசையும் அந்தக் கட்டத்தையும் கேட்கட்டும். தேறியவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது அச்சாகட்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் ஆசிரியர் பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து “இந்தப் புத்தகம் நம்ம பிள்ளைங்களுக்கு எங்க கிடைக்கும்?” என்று கேட்டால் போதும். கேட்கத் தொடங்கினால் விடைகள் தாமே வரும்.

அந்த மாணவி இன்று ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். நான் பழைய கேள்வியை நினைவுபடுத்தினேன். அவளுக்கு மறந்திருந்தது, எனக்கு மறக்கவில்லை. “தப்பு உன் மேல இல்லம்மா. அறுபத்திரண்டு பேருக்கு மூணு புத்தகம் வாங்கிட்டு, அத்தனை பேருக்கும் பட்டம் குடுத்தோம்னு கணக்கு எழுதினவங்க நாங்க” என்றேன். சற்று யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: “என் பசங்களும் இப்ப அதே கேள்விய கேக்கறாங்க மேடம்.”

அவர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரிக்கு வருவார்கள். சேர்க்கை விகிதத்தில் அவர்களும் ஒரு புள்ளியாவார்கள். அவர்கள் உங்கள் நூலகத்துக்குள் நுழையும் நாளில், அந்தக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.